ஷ்ரிங்க் பிளாஸ்டிக்கில் கீ செயின் தொங்கலும் கம்மலும் செய்தால் சுருண்டு ஒட்டிக்கொள்கிறது, ஜோடியும் ஒரே அளவில் வருவதில்லை. எங்கே தவறுகிறது?

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். ஷ்ரிங்க் பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன் தாள். ஆலையில் அதைச் சூடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே சட்டென்று ஆறவைத்துவிடுகிறார்கள். மறுபடி சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது இளகி, இழுப்பதற்கு முன் இருந்த அளவுக்கே திரும்பிப் போகிறது. பரப்பு சுருங்கும், அதற்கு ஈடாகத் தடிமன் ஏறும். 1973இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெட்டி மோரிஸ், கேட் ப்ளூம்பெர்க் என்ற இரு பெண்கள் 'ஷ்ரிங்கி டிங்க்ஸ்' என்று இதைக் குழந்தைகளுக்கான பொழுதுபோக்காக ஆக்கியதும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

முதலில் அளவு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்த விசை பெரும்பாலும் சமமாக இருக்காது. அதனால் வட்டமாக வெட்டியது முட்டை வடிவில் வரும். புதுத் தாள் பாக்கெட்டைப் பிரித்தவுடன் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 100 மில்லிமீட்டரில் இரண்டு பட்டைகள் வெட்டிச் சுட்டுப் பாருங்கள். நீளப் பட்டை 41, அகலப் பட்டை 46 மில்லிமீட்டர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் வட்டம் வேண்டுமானால் நீளவாக்கில் 61, அகலவாக்கில் 54 மில்லிமீட்டர் வரைய வேண்டும். இரண்டு பட்டையை வீணாக்க மனம் வராது, ஆனால் இதைச் செய்யாமல் போனால் வீணாவது முழுத் தாள். கம்மல் ஜோடி பொருந்தாமல் போவதற்கும் இதுவே காரணம். ஒன்றை நேராகவும், இடம் மிச்சப்படுத்த மற்றொன்றைப் படுக்கையாகவும் வரைந்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே திசையில், அடுத்தடுத்து வரையுங்கள்.

தடிமனுக்கும் இதே கணக்குத்தான். 0.3 மில்லிமீட்டர் தாள் சுருங்கியபின் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரும். சாவியோடு உரசும் கீ செயினுக்கு அது கட்டாயம் வேண்டும். 0.2 தாள் கம்மலுக்குப் போதும், கீ செயினில் போட்டால் ஓட்டையருகே ஒடிந்துவிடும்.

ஓட்டையைச் சுடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆறிய பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி விறைப்பாகிவிடும், பஞ்ச் பண்ணினால் விரிசல் ஓடும். ஆபீசில் பயன்படும் சாதாரண பஞ்சின் 6 மில்லிமீட்டர் ஓட்டை சுருங்கி இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும், ஜம்ப் ரிங் (தொங்கலைக் கோர்க்கும் சிறு கம்பி வளையம்) நுழைய அது சரியாக இருக்கும். ஓரத்திலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். வெட்டும்போது கூர்மையான மூலைகளை வளைத்துவிடுங்கள், சுருங்கினால் அவை குத்தும். நட்சத்திரம், இலைபோன்ற வடிவங்களில் உள்ளே போகும் மூலையில் கத்தரி ஒரு நூல் தாண்டி வெட்டிவிட்டாலும் சூட்டில் அந்தக் கீறல் பிளந்துகொள்ளும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மூலையில் நிறுத்துங்கள்.

நிறம் சுருங்கும்போது செறிவாகும். இளஞ்சிவப்பு அடர்சிவப்பாகும், அடர்நீலம் கறுப்பாகவே தெரியும். வேண்டியதைவிட இரண்டு படி வெளிறலாகத் தீட்டுங்கள். சொரசொரப்பான பக்கம் உள்ள தாளில் கலர் பென்சில் நன்றாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தால் பர்மனென்ட் மார்க்கர் எடுங்கள், அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் ஒரு பக்கத்தை லேசாகத் தேய்த்துவிட்டுப் பென்சிலால் தீட்டுங்கள். கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. வழவழப்பான பக்கம் முன்னால் தெரிய வேண்டுமென்றால் எழுத்துகளைப் பின்பக்கத்தில் கண்ணாடி பிம்பமாக எழுத வேண்டும். பெயர் எழுதும்போது ண, ணை போன்ற சுழி எழுத்துகளுக்கு 15 மில்லிமீட்டர் உயரமாவது கொடுத்து, 0.5 மில்லிமீட்டர் முனைப் பேனாவால் எழுதுங்கள். தடித்த மார்க்கரால் எழுதினால் சுழிகள் அடைந்துபோகும். லேசர் பிரிண்டரில் இந்தத் தாளை விடவே விடாதீர்கள். உள்ளே சூடான உருளை இருக்கிறது, தாள் அங்கேயே சுருங்கி மாட்டிக்கொள்ளலாம். பிரிண்ட் எடுக்க இங்க்ஜெட்டுக்கென்றே விற்கும் தாள் வேண்டும்.

இனி சுடுவது. ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) 160 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். தட்டில் பேக்கிங்குக்கான பட்டர் பேப்பர் விரித்து (மெழுகுத்தாள் உருகிவிடும்), டால்கம் பவுடரையோ சோள மாவையோ விரல் நுனியால் தொட்டுத் தூவித் துடைத்துவிடுங்கள். வண்ணம் தீட்டிய பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் இன்னொரு பட்டர் பேப்பரைத் தளர்வாக வையுங்கள், அழுத்தக் கூடாது.

தட்டை உள்ளே வைத்த சில விநாடிகளில் துண்டின் ஓரம் தூக்கும். பிறகு முழுத் துண்டும் அப்பளம் பொரிவதுபோல நெளிந்து, சுருண்டு, கெட்டுப்போனதுபோலவே தெரியும். பலரும் அவசரப்பட்டு வெளியே எடுப்பது இந்த நேரத்தில்தான். எடுக்காதீர்கள். சூடு முதலில் ஏறிய பகுதி முந்திச் சுருங்குகிறது, பிந்திய பகுதி இழுத்துப் பிடிக்கிறது, அதனால்தான் நெளிவு. எல்லா இடமும் சமமாகச் சூடேறியதும் தானாகப் படுத்துவிடும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடம் ஆகும். தட்டையானபின் இன்னும் 15 விநாடி விட்டு எடுத்தால் சுருங்காமல் நின்ற மிச்சப் பகுதியும் சுருங்கிவிடும். அதற்குமேல் விட்டால் கொப்புளம் கிளம்பும், ஓரம் பழுப்பேறும், நெடி வரும். ஜன்னலைத் திறந்துவைத்தே செய்யுங்கள்.

ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் நீளமான, ஒல்லியான வடிவங்களில். ஒரு முனை மடிந்து மற்றொன்றைத் தொட்டவுடனே பிய்க்கப் போகாமல் 10 விநாடி பாருங்கள், பாதி நேரம் தானே விட்டுவிடும். விடவில்லையென்றால் வெளியே எடுத்து, ஆறுவதற்குள் இரண்டு மூன்று விநாடியில் பல்குத்தும் குச்சியால் பிரித்து மறுபடி உள்ளே வையுங்கள். உருகி இணைந்துவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். அடுத்த முறை அகலத்தைக் கூட்டுங்கள்.

வெளியே எடுத்ததும் மேலே பட்டர் பேப்பரை வைத்து, அடி தட்டையான டிபன் பாக்ஸாலோ டைல்ஸ் துண்டாலோ 20 விநாடி அழுத்துங்கள். இதழ்போல வளைவு வேண்டுமென்றால் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அந்த நேரத்திலேயே கரண்டிக் குழியில் அமுக்குங்கள். கோணலாக ஆறிவிட்டாலும் பரவாயில்லை, திரும்ப ஓவனில் வைத்தால் இளகும். ஆறியதை வளைத்தால் ஒடியும்.

மைக்ரோவேவ் இதற்கு ஆகாது. பாலிஸ்டைரீன் நுண்ணலையை உறிஞ்சிச் சூடாவதில்லை. அதில் கன்வெக்ஷன் (சூடான காற்றால் சுடும்) வசதி இருந்தால் அதை வைத்துச் செய்யலாம். ஏர் ஃப்ரையரில் விசிறி துண்டைத் தூக்கிச் சூட்டுக் கம்பியில் அடித்துவிடும். அடுப்புத் தீயில் நேராகக் காட்டுவது ஆபத்து, கரும்புகையோடு பற்றிக்கொள்ளும்.

கடைசியாக மேல்பூச்சு. நெயில் பாலிஷ் பூசச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் மார்க்கர் மையை இழுத்துவிடும், பாலிஸ்டைரீனையும் அரிக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் அது காய்ந்தபின் மேலே யூவி ரெசின் (புற ஊதா விளக்கொளி பட்டால் இறுகும் பிசின்) போடலாம். ஓட்டைக்குள் ரெசின் இறங்கியிருந்தால் விளக்கில் காட்டுவதற்கு முன்பே குச்சியால் எடுத்துவிடுங்கள். ஜம்ப் ரிங்கை இரண்டு குறடால் பிடித்து, வாயைப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திறக்க வேண்டும். அகட்டித் திறந்தால் வட்டம் கெட்டு, மூடியபின்னும் இடைவெளி நிற்கும், தொங்கல் அதன்வழியே நழுவி விழும்.