படத்தில் இருப்பது தட்டைப்புழுவா, கடல் நத்தையா?

கேள்வி: தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகும் என் அத்தான், 8 பாக (சுமார் 15 மீட்டர்) ஆழத்தில் பாறைமேல் ஊர்ந்த ஒரு சிறு உயிரை இருமுறை படம் எடுத்திருக்கிறார். டார்ச் இல்லாமல் எடுத்ததில் உடல் முழுவதும் நீலச் சாம்பலாக இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எடுத்ததில் கருங்கோடுகளும் மஞ்சள் நுனிப் புடைப்புகளும் தெரிகின்றன. இரண்டும் ஒரே உயிரா? ஓடில்லாக் கடல் நத்தையின் முதுகில் பூப்போன்ற செவுள் இருக்கும் என்று படித்தேன். இதில் அது இல்லையே, தட்டைப்புழுவா?
– வாசகர், உவரி

பதில்: ஒரே உயிர்தான். தலைக்குப் பின்னால் கருங்கோடு கிளை பிரியும் இடம் இரு படங்களிலும் அப்படியே ஒத்திருக்கிறது. சூரிய ஒளியின் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே கடல்நீர் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதாலும், ஆழம் கூடக்கூட ஆரஞ்சும் மஞ்சளும் மங்குவதாலும், டார்ச் இல்லாத படத்தின் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இது தட்டைப்புழு அன்று. சில தட்டைப்புழுக்கள் இதே நிறங்களை அணிந்து ஏமாற்றும் என்பதால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் அவற்றின் உடல் மிக மெல்லியது, தலையில் கொம்புபோல் இருப்பவையும் பெரும்பாலும் விளிம்பின் இரு மடிப்புகளே. உங்கள் படத்திலோ முதுகைத் துளைத்து எழுந்த, மடிப்பு மடிப்பான இரண்டு மஞ்சள் மோப்பக் கொம்புகள் தெளிவாக உள்ளன. முதுகில் செவுள் இல்லாததுதான் இங்கே சிறந்த தடயம்: பில்லிடியா குடும்பத்து நத்தைகளுக்குச் செவுள் இதழ்கள் மேற்போர்வைக்கும் பாதத்துக்கும் இடையே, உடலின் இரு பக்கங்களிலும் மறைந்திருக்கும்.

பில்லிடியா பேரினம் என்று உறுதியாகச் சொல்லலாம். புடைப்புகள் நீளவாக்கில் வரப்புகளாக இணைந்திருப்பதால், 1801ஆம் ஆண்டில் லமார்க் பெயரிட்ட பில்லிடியா வேரிகோசாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனினும் பில்லிடியா சீலஸ்டிஸ் மேலிருந்து பார்க்க மிகவும் ஒத்திருக்கும். வேரிகோசாவின் உள்ளங்காலில் நீளமாக ஒரு கருங்கோடு ஓடும், சீலஸ்டிஸுக்கு அது கிடையாது. அந்தப் பக்கம் படத்தில் இல்லாததால் இனப்பெயரை முடிவுசெய்ய எனக்கு மனமில்லை.

சங்கு தேடும் வேலைக்கு நடுவே இத்தனை தெளிவாகப் படமெடுத்த உங்கள் அத்தானைப் பாராட்டியே ஆக வேண்டும். அடுத்தமுறை டார்ச்சோடு மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். பாறை விளிம்பைக் கடந்து ஊரும்போது கீழிருந்து எடுத்தால் பாதமும் தெரியும். அதற்காகக் கையால் பெயர்த்தெடுக்க வேண்டாம். உண்ணும் கடற்பஞ்சிலிருந்து சேர்த்த நஞ்சை இவை சளியோடு சுரக்கும். மீன் கிடக்கும் வாளியில் போட்டால் மீன்கள் செத்துவிடக்கூடும்.