அன்றாட வேலைக்கு மடக்குக் கத்தி: கேள்வி பதில்

உழைப்பவர்களின் கத்திகளைச் சாணை பிடிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஆகவே வேலைக்குப் பயன்படும் மடக்குக் கத்திகளைப் பற்றி மட்டுமே பதில் சொல்கிறேன். அலங்காரக் கத்திகளும் தற்காப்பும் என் எல்லைக்கு வெளியே இருப்பவை. கேள்விகளுக்கு முன் ஒரு வேண்டுகோள்: அலகால் எதையும் நெம்பாதீர்கள். என்னிடம் முனை முறிந்து வரும் கத்திகளில் பெரும்பாலானவை வெட்டும்போது முறிந்தவை அல்ல.

கேள்வி (கிடங்குப் பணியாளர்): நாள் முழுதும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் துண்டாக்குகிறேன். கத்தி விரைவில் மழுங்கிவிடுகிறது. இன்னும் கனமான, தடித்த அலகுள்ள கத்தி வாங்கினால் தீருமா?

பதில்: தீராது, தொல்லை கூடத்தான் செய்யும். அட்டை பார்வைக்கு மென்மையாக இருந்தாலும் அதன் காகிதத்தில், குறிப்பாக மறுசுழற்சி செய்த காகிதத்தில், கனிமத் துகள்கள் கலந்திருக்கின்றன. அவை அலகின் வாயை மெல்ல அரைத்துக்கொண்டே இருக்கும். வாய் மழுங்கிய பிறகும் ஒரு கத்தி ஓரளவு வெட்டுகிறதா, வெட்ட மறுக்கிறதா என்பதை முடிவு செய்வது வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே. அந்த இடத்தில் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் அலகு, கூர் பாதி போன பின்பும் அட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டர் தடித்த அலகோ, புதிதாகத் தீட்டியிருந்தாலும் அட்டையை ஆப்பு வைத்ததுபோல் பிளந்து நடுவில் சிக்கிக்கொள்ளும். கடையில் எல்லோரும் முதுகின் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். முதுகு 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். அந்தத் தடிமன் முதுகிலிருந்து வாய் வரை சீராகக் குறைந்து வருகிறதா, பாதி வழி வரை தடித்தே வந்து கடைசியில் திடீரெனச் சரிகிறதா என்று அலகை முனைப்பக்கமிருந்து நோக்கிப் பாருங்கள். சீராகக் குறைவதே உங்களுக்கு உகந்தது.

அலகின் நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர் போதும். பெட்டிக்குள் இருக்கும் சரக்கில் முனை கீறாமல் இருக்க, வாய் நேர்க்கோடாகவும் முதுகு முன்னே வளைந்து இறங்கியும் இருக்கும் ஷீப்ஸ்ஃபுட் வடிவத்தைத் தேடுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நாள் முழுதும் அட்டை மட்டுமே வெட்டுபவருக்கு, தகடு மாற்றக்கூடிய மடக்குக் கத்தி எந்த உயர்ரகக் கத்தியையும்விடப் பொருத்தமானது. என் தொழிலுக்கு அது நட்டம்தான், ஆனாலும் உண்மை.

கேள்வி (குழாய்ப் பழுது பார்ப்பவர்): எந்த எஃகு சிறந்தது?

பதில்: வேலையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எஃகிடம் நாம் எதிர்பார்ப்பவை நான்கு: தேயாமை, முறியாமை, துருவேறாமை, எளிதில் தீட்ட வருதல். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றொன்று குறையும். பெயர் பெற்ற சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ் கத்திகளின் அலகு ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவுகோலில் 56 அளவுதான். அது விரைவில் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் மீண்டும் கூர் ஏறும், துருவும் எளிதில் பிடிக்காது. டி2 எஃகில் சுமார் 1.5 விழுக்காடு கரியும் 12 விழுக்காடு குரோமியமும் உண்டு. கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அந்தக் குரோமியத்தில் ஒரு பகுதி கரியோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாகக் கட்டுண்டு போவதால், ஈரத்தில் போட்டு வைத்தால் கறை பிடிக்கும். எஸ்30வி போன்ற எஃகுகளில் வனேடியம் இருக்கிறது. அதன் கார்பைடுகள் சாதாரணத் தீட்டுகல்லின் துகளைவிடக் கடினமானவை என்பதால் வைரத் தகடு இருந்தால்தான் தீட்டச் சுகமாக இருக்கும். 2021இல் வந்த மேக்னகட் எஃகு இந்த நான்கையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஈரத்தில் புழங்கும் உங்களுக்கு 14சி28என் எஃகு போதும். துரு தாங்கும், நன்றாகக் கூர் ஏறும், தீட்டுவதும் கடினமல்ல.

மறவாதீர்கள்: வெட்டுவது அலகின் வடிவம், அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை மட்டுமே எஃகு முடிவு செய்கிறது. குழாயின் பிசினை அலகு முனையால் நெம்பி எடுக்கும் பழக்கம் இருந்தால், எந்த எஃகும் உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி (தோட்டப் பணியாளர்): அலகைப் பூட்டும் வசதி கட்டாயம் வேண்டுமா?

பதில்: பலருக்கு வேண்டும், எல்லோருக்கும் அல்ல. பூட்டில்லாத கத்தியில் முதுகுப் பக்கத்து வில்தகடு மட்டுமே அலகை விறைப்பாகப் பிடித்திருக்கும். லாக்பேக் என்ற பூட்டு வகையில் பிடியின் முதுகிலுள்ள தண்டு அலகின் வெட்டுப் பள்ளத்தில் விழுந்து பூட்டும். 1964 முதல் விற்பனையாகும் பக் 110 கத்தி அதைப் பரவலாக்கியது. கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர் 1980களில் செம்மைப்படுத்திய லைனர் லாக்கில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் நகர்ந்து முட்டுக் கொடுக்கும். பிரேம் லாக்கில் அந்த வேலையைப் பிடியின் பக்கமே செய்கிறது. ஓபினெல் கத்திகளில் 1955 முதல் இருப்பது திருகும் வளையம். தோட்ட வேலையில் மண்ணும் மணலும் புகும் என்பதால், கழுவ எளிதான திறந்த அமைப்புள்ளதை எடுங்கள்.

கேள்வி (தச்சர்): மேற்சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை. பூட்டில்லாத கத்தியையே நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறேன், விரலில் மடங்கியதில்லை. பூட்டு இருக்கிறது என்ற துணிச்சல்தானே ஆபத்தைக் கொண்டுவருகிறது?

பதில்: ஐயா, உங்கள் கத்தி மடங்காததற்குக் காரணம் உங்கள் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வாயை மரத்தில் அழுத்தி வெட்டும்போது மரம் அலகை எதிர்த்துத் தள்ளும் திசை, அலகு திறக்கும் திசையேதான். அந்த விசையை அலகு வந்து முட்டி நிற்கும் இடம் தாங்கிக்கொள்ளும். பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. பூட்டு தேவைப்படுவது மூன்று இடங்களில்: முனையால் குத்தும்போது, சிக்கிய அலகை அசைத்து வெளியே இழுக்கும்போது, முதுகில் எதிர்பாராமல் அடி படும்போது. சீவுவதும் செதுக்குவதும் மட்டுமே உங்கள் வேலை என்றால் உங்கள் கட்சி சரி. அட்டையில் குத்தித் தொடங்குபவருக்கும், ஈரக் கயிற்றில் சிக்கிய கத்தியைப் பிடுங்குபவருக்கும் அது சரியல்ல.

கேள்வி (மரம் ஏறிக் கிளை வெட்டுபவர்): தச்சர் தரையில் நின்று பேசுகிறார். உயரத்தில் ஒரு கை கிளையைப் பிடித்திருக்க மறு கையால் கயிறு அறுக்கும்போது பூட்டில்லாத கத்தி தற்கொலைக்குச் சமம். பூட்டு உறுதியா என்று அறிய முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பார்ப்பேன். நீங்களும் அதைப் பரிந்துரைக்க வேண்டும்.

பதில்: முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். ஒற்றைக் கையால் திறக்க வேண்டியவருக்குப் பூட்டும், அலகில் கட்டைவிரல் துளையோ குமிழோ இருப்பதும் இன்றியமையாதவை. மூடும்போதும் ஒரு கைதான் என்றால் லைனர் லாக்கைவிட, இருபக்கக் குமிழை இழுத்து விடுவிக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டு நல்லது. அதில் அலகு மூடும் பாதையில் விரல் நிற்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டு முகம், அதாவது பூட்டும் அலகும் முட்டும் பரப்பு, கொஞ்சம் நசுங்குகிறது. சோதனையே பழுதை உண்டாக்குகிறது. அலகை முழுதும் திறந்து, விரல்களை அது மடங்கும் பாதைக்கு வெளியே வைத்து, முதுகை உள்ளங்கையால் அழுத்துங்கள். அசைவோ நழுவலோ தெரிந்தால் முதலில் பூட்டு முகத்தின் அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகும் நழுவினால் அந்தக் கத்தியை உயரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (தச்சர்): அப்படியானால் பூட்டை நம்பலாம் என்கிறீர்களா, கூடாது என்கிறீர்களா?

பதில்: பூட்டு இருப்பதாகவே நினைக்காமல் வெட்டுங்கள், ஆனால் பூட்டு இருக்கட்டும். பூட்டைத் திறக்க ஒரு கணம் கூடுதலாகிறது என்பதைத் தவிர உங்களுக்கு இதில் இழப்பில்லை. மற்றவர்களும் காத்திருப்பதால் பூட்டு வழக்கை இத்துடன் முடிக்கிறேன்.

கேள்வி (வாகனம் ஓட்டுபவர்): எந்த எஃகு நல்லது என்று சொல்லவில்லையே?

பதில்: குழாய்ப் பழுது பார்ப்பவருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (மின்பணியாளர்): கேபிளின் மேலுறையை உரிக்க எந்தக் கத்தி? பிளாஸ்டிக் பிடி இருந்தால் மின்சாரம் ஓடும் கம்பியில் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: கூடாது. பிடி பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஆணியும் தகடும் ஊடே ஓடுகின்றன. காப்பு செய்து சோதித்த கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு வேலை செய்வது அதனினும் மேல். உறை உரிக்க, கிளி மூக்குபோல் உள்வளைந்த அலகு வசதியானது. உள்கம்பியைக் கீறாமல் மேலுறையை மட்டும் இழுத்துக் கிழிக்கும்.

கேள்வி (படகில் வேலை செய்பவர்): கயிறு அறுக்க ரம்பப் பல் உள்ள அலகு வாங்கலாமா? உப்புநீர் வேறு.

பதில்: தடித்த கயிறுதான் உங்கள் வேலை என்பதால் முழுப் பல் அலகை வாங்குங்கள். பாதி பல், பாதி நேர் வாய் என்று வருவதை நான் விரும்புவதில்லை. பிடிக்கு அருகே, கைக்கு அதிக வலு கிடைக்கும் இடத்தைப் பற்கள் பிடித்துக்கொள்கின்றன. உப்புநீருக்கு எச்1, எல்சி200என் போன்ற நைட்ரஜன் எஃகுகள். அவை கிடைக்காவிட்டால், நாள்தோறும் நன்னீரில் கழுவித் துடைத்து மடக்கு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கேள்வி (அலுவலக உதவியாளர்): இடக்கைக்காரர்களுக்கு?

பதில்: லாக்பேக், குறுக்குக் கம்பிப் பூட்டு, திருகு வளையம் ஆகியவற்றில் ஒன்று. வழக்கமான லைனர் லாக் வலக்கைக்காகச் செய்யப்படுவது. சட்டைப்பைக் கொக்கியை மறுபக்கம் மாற்றும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி (பயணம் செய்து பழுது பார்ப்பவர்): மின்விசிறி வேகத்தில் சுழலும் சாணையில் வீட்டிலேயே தீட்டலாமா? ஊர் ஊராகக் கத்தியைக் கொண்டுபோக முடியுமா?

பதில்: வேகச் சாணையில், நீரில்லாமல், கூடாது. மெல்லிய வாய் நொடியில் சூடேறும். அலகில் நீல நிறம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரியை நெருங்கியிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை அரைத்து நீக்குவதைத் தவிர வழியில்லை. துகள் எண் 400, 1000 என்ற இரண்டு தீட்டுகல் போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் ஒரே நிதானத்தோடு தள்ளுங்கள். வாயோரம் மார்க்கர் பேனாவால் கோடிட்டுத் தீட்டினால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். மறுபக்கத்தில் நீளம் முழுதும் பிசிர் தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்றுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எடுத்துக்காட்டாகப் பிரிட்டனில் பூட்டில்லாததும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாததுமான மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டுள்ளதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். விமானத்தில் கைப்பையில் வேண்டாம், ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: தற்காப்புக்கு எந்த வடிவம்?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: எஃகில் எது...

பதில்: மேலே.

கேள்வி (வர்ணம் பூசுபவர்): டப்பா மூடியைத் திறக்கவும் கத்தி வேண்டும். எது தாங்கும்?

பதில்: எதுவும் தாங்காது. தட்டை முனைத் திருப்புளி வாங்குங்கள். இரண்டையும் சுமக்க முடியாவிட்டால், திருப்புளியும் அலகும் சேர்ந்த பல்கருவி இருக்கிறது. நெம்புவதற்குத் திருப்புளி, வெட்டுவதற்கு அலகு, மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி (முதல் முறை வாங்குபவர்): கடையில் கையில் எடுத்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: மூடிய நிலையில் அலகு இரு பக்கத் தகட்டிலும் உரசாமல் நடுவில் இருக்க வேண்டும். திறந்த பின் முனையைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டு அசைவை மடக்குத் திருகை இறுக்கிச் சரி செய்யலாம். மேல்கீழாக ஆடினால் பூட்டு சரியாக அமரவில்லை, வாங்காதீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடியை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். கொக்கியோ கூரான மூலையோ உள்ளங்கையில் எங்கே குத்துகிறதோ, அங்கேதான் மாலைக்குள் கொப்புளம் வரும். கையுறை அணிந்து வேலை செய்பவராக இருந்தால் கையுறையோடு திறந்து மூடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.