வெளிநாட்டுப் பழைய தேவாலயங்களில் ஆன்மிக உணர்வு கிடைக்குமா, இல்லை கட்டடம் பார்ப்பதோடு சரியா?

நீங்களும் டூர் பஸ்ஸில் போய், இருபது நிமிடத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போன இடங்களில் எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரே இடத்தில்தான், இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் டர்ஹாம் பேராலயத்தில்.

மகள் நியூகாசிலில் படித்தபோது ஒருநாள் ரயிலேறி இரண்டு பேரும் போனோம். 1093இல் கட்டத் தொடங்கிய கோயில். நாலு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத தூண்கள். அதையெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நடந்த நான், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் குறுக்காகப் பதித்திருந்த கருப்புக் கல் கோடு ஒன்றைக் கவனிக்கவே இல்லை. அங்கிருந்த வழிகாட்டி அம்மாதான் காட்டினார். இந்தக் கட்டடத்துக்கு முன்பே, 1083இல், பெனடிக்ட் சபைத் துறவிகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள், 1539இல் மடத்தை மூடும்வரை இருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி பீடத்துப் பக்கம் போகக்கூடாதாம். கத்பெர்ட் என்ற புனிதரின் கல்லறை அங்கே இருக்கிறது, அவருக்குப் பெண்களைப் பிடிக்காது என்று ஒரு கதையும் கட்டியிருக்கிறார்கள். அவர் 687இல் இறந்தவர், உயிரோடு இருந்தபோது பெண் மடத்தலைவிகளோடு நட்பாகவே பழகியவர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கிளம்பலாம் என்றேன், மகள்தான் சாயங்கால ஆராதனைக்கு இருந்துவிட்டுப் போகலாம் அம்மா என்றாள். பாடகர் குழுவின் பழைய மர இருக்கைகளிலேயே எங்களையும் உட்கார வைத்தார்கள், அதாவது அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் உள்ளே. அன்று பாடியவர்கள் சிறுமிகள், 2009 முதல்தான் அங்கே சிறுமிகளையும் சேர்க்கிறார்களாம். பைபிளில் இயேசுவின் தாய் மரியாள் பாடும் பாட்டை ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில்தான், ஆனால் பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்: 'என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது.' பெண்களை உள்ளே விடாத அத்தனை நூற்றாண்டும் அந்தத் துறவிகள் சாயங்காலம் தோறும் ஒரு பெண் பாடிய பாட்டைத்தானே அங்கே பாடியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. 'பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்' என்ற வரி வந்தபோது அழுதுவிட்டேன், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரன் கோயில் என்றதும் மயங்கிவிட்டாள் என்று யாராவது எழுதுவீர்கள். கடவுள் எங்கும் இருக்கிறார், அதற்கு ஏன் விமான டிக்கெட் என்றும் கேட்பீர்கள். சரி, இருக்கிறார்தான். நான் சொல்வது, அத்தனை காலம் ஜெபம் நடந்த இடத்தில் நாமும் உட்கார்ந்து ஜெபித்தால் அது வேறு மாதிரி இருக்கிறது என்பதை மட்டும்தான்.

சொல்ல வந்தது இது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலிலும் பழைய கல் தரை இருந்தது, என் ஆச்சி முழங்கால் போட்ட தரை. புதுப்பிக்கிறோம் என்று அதைப் பெயர்த்துவிட்டு பளபளவென்று டைல்ஸ் போட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. டர்ஹாமில் தங்களுக்கே வெட்கமான கோட்டைக்கூட எடுக்காமல் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

நீங்கள் இன்னொரு தடவை போனால் ஆராதனை நேரத்தைப் பார்த்து, கால்மணி முன்னதாகவே போய் உட்காருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர், யார்க் மாதிரி சுற்றிப்பார்க்கக் கட்டணம் வாங்கும் இடங்களில்கூட ஆராதனைக்கு வருகிறவர்களிடம் காசு கேட்பதில்லை. போனை மட்டும் அணைத்து பைக்குள் வைத்துவிடுங்கள்.