கச்சான் காற்றும் நம் ஊர்த் தண்ணீரும்

வணக்கம் அண்ணா,

மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கிழக்குக் கரையில், மூதூரில் மீன்பிடிப் போட்டில் ஒரு நாள் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ‘எங்கள் ஊர்த் தண்ணீரில்தான் வலை கிடந்தது’ என்ற வரி வந்ததும் ஒரு பிள்ளை, “நம்ம ஆறு டேமோட நின்னுருதே டீச்சர்?” என்று கேட்டது. எனக்கும் அது மிகையாகத்தான் பட்டது. கருவாடும் டின்மீனும் தவிர நமக்கும் கடலுக்கும் என்ன இருக்கிறது? ஆகஸ்ட் லீவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாமா என்றும் யோசிக்கிறேன்.

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். கேட்டதில் பாதி சரி. உங்கள் பக்கம் ஓடும் ஆகரா ஓயா, கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலைக்கு வருகிறது. 2012இல் திறந்த மேல் கொத்மலை அணை அதை மறித்து, மலைக்குள் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. சென் கிளேயர் அருவி முன்போல் கொட்டாததற்குக் காரணம் அதுதான். ஆனால் மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீரைத் திரும்ப ஆற்றில்தானே விட வேண்டும்? கொத்மலை நீர்த்தேக்கம், அப்புறம் மகாவலி, பொல்கொல்லை. அங்கே ஒரு பங்கு வடக்கே வயல்களுக்குத் திரும்புகிறது. மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகலை என்று இறங்கி, மினிப்பேயில் வயலுக்குக் கொஞ்சம் கொடுத்து, மன்னம்பிட்டி தாண்டி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மகாவலியின் மொத்த நீளம் 335 கிலோமீட்டர். வழி நெடுகப் பறிகொடுத்து மெலிந்துதான் போகிறது. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆடி மாதம், விடியற்காலை நாலரை மணி. பதினெட்டு அடி பைபர் போட்டில் மீனவர் ஒருவர் (அங்கே எல்லாரும் ‘நானா’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்), அவருடைய மருமகன், நான், மூன்றே பேர். எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். முந்தின மாலை விட்ட வலையின் மிதவையை டோர்ச் அடித்துத் தேடிப் பிடித்து, இழுக்கத் தொடங்கும்போது கிழக்கு வெளுத்தது. அப்போதுதான் கவனித்தேன். போட்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பழுப்பு, மறுபக்கம் பச்சை. நடுவே நுரையும் சருகும் மிதக்கிற ஒரு கோடு. நானா பழுப்புப் பக்கம் கையை விட்டு அள்ளி நீட்டினார்: “நாக்குல வச்சுப் பாருங்க தம்பி.” உப்பு இருந்தது, ஆனால் ரசத்தில் போடுகிற அளவுக்குத்தான். மறுபக்கத்துத் தண்ணீர் தொண்டையைக் கீறியது. ஆற்றுத் தண்ணீர் லேசு, கடல் தண்ணீருக்கு மேலே படுத்துக்கொண்டு போகும் என்றார். மணலை, கொடுவா மீன்கள் இந்த ஓரத்தைத் தேடி வருவது அதனால்தானாம்.

அன்று ஏறியது பெரும்பாலும் மணலை. கண்ணியில் செவுள் மாட்டிய மீனைப் பிடித்து இழுத்தால் மீனும் கிழியும், வலையும் கிழியும். தலைப்பக்கமாகத் தள்ளிவிட்டு, கண்ணியை வால்வரை உரித்து எடுக்க வேண்டும். நானாவின் கை அதைப் பார்க்காமலே செய்தது. கொழுந்து எடுக்கும்போது என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான், கண் வேறெங்கோ இருக்கும்.

கட்டுரையில் எழுதாமல் விட்டது காற்றைப் பற்றி. அதுதான் எனக்குத் தண்ணீரை விடப் பெரிய ஆச்சரியம். எட்டு மணி இருக்கும். அடுப்பின் வாயைத் திறந்த மாதிரி, கரைப்பக்கமிருந்து ஒரு சூடு வந்து முகத்தில் அடித்தது. “கச்சான் எழும்பிட்டு. இனி நிக்க ஏலா” என்று நானா மிச்ச வலையை அவசரமாக ஏற்றினார். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றுபோனால் சின்னப் போட்டை அது வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு வலையை விரிக்காமலே திரும்பினோம். வரும் வழியில் தோட்டத்திலிருந்து அம்மா கோல் எடுத்தார்: “மூணு நாளா விடாத மழைப்பா. கொழுந்து நிறுவ ஏறல, அரைப்பேருதான் போட்டாங்க.” அரைநாள் சம்பளம்தான் என்று அர்த்தம்.

அங்கே மழை, இங்கே சூடு, இரண்டும் ஒரே காற்று, தங்கச்சி. அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேல் பருவக்காற்று நம் மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுவது அதனால்தான். ஈரத்தையெல்லாம் நம் தலையில் இறக்கிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது, 100 மீட்டருக்குச் சுமார் ஒரு பாகை வீதம் சூடேறி, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வறண்ட கச்சானாக அடிக்கிறது. கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டுகிற படங்கை நனைத்த காற்றுதான் நானாவை நேரத்தோடு கரைக்குத் துரத்தியது. எண்ணெய்க் காசு கழித்து, பாதி போட்டுக்கும் வலைக்கும் போக, மிச்சத்தை மாமனும் மருமகனும் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அன்று அரைப்பேர்தான்.

கருவாடு தவிர என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் தோணியை விட்டு இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். கடலைத் தாண்டாமல் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்த குடும்பம் நம்மில் எது? அதனால் அந்த வரியை நான் மாற்றப்போவதில்லை. ‘மெலிந்துபோன’ என்று ஒரு சொல்லை மட்டும் சேர்க்கிறேன். அது உங்கள் மாணவிக்கோ மாணவனுக்கோ சேர வேண்டிய திருத்தம்.

பயணத்துக்கு ஆகஸ்ட் நல்ல மாதம்தான். கிழக்கில் கடல் குழம்புவது கார்த்திகை, மார்கழியில், வாடைக்காற்று அடிக்கும்போது. ஆனாலும் வலைப் போட்டில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், கால் வைக்கவே இடமிருக்காது. கிண்ணியாவிலிருந்து வரும்போது கங்கைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி ஆற்றைக் காட்டுங்கள். மூதூர்த் துறைக்கு ஆறரைக்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு மீனெல்லாம் லொறியில் ஏறிவிடும்.