அரை மீட்டர் நிரம்புகிறது, ஒரு மீட்டர் நிரம்ப மறுக்கிறது: ரெசின் ஓட்டக் கணக்கு

ஓசூர் பட்டறையில் வேக்யூம் வைத்துக் கண்ணாடி இழைத் துணிக்குள் ரெசின் (பிறகு இறுகும் பிசின் திரவம்) இழுக்கிறீர்கள். நீளமான அச்சில் (mould) மட்டும் துணி நிரம்பும் முன்பே ரெசின் இறுகிவிடுகிறது என்கிறீர்கள். நீளம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், அதுதான் காரணம். ரெசின் முன்னேற முன்னேற, பின்னால் நனைந்த துணி முழுவதும் தடையாகிறது.

துளையுள்ள பொருளுக்குள் திரவம் எப்படி ஓடும் என்று சொல்லும் டார்சி விதிப்படி, நேரம் = துளைப்பங்கு × பாகுநிலை × நீளத்தின் வர்க்கம் ÷ (2 × ஊடுருவுதிறன் × அழுத்த வேறுபாடு). துளைப்பங்கு என்பது துணியில் உள்ள காலியிடத்தின் பங்கு; பாகுநிலை, ரெசினின் கெட்டித்தன்மை; ஊடுருவுதிறன், துணி எவ்வளவு எளிதாக ரெசினை ஓடவிடும் என்பது. துளைப்பங்கு 0.5, பாகுநிலை 0.2 பாஸ்கல் விநாடி, ஊடுருவுதிறன் 10⁻¹⁰ சதுர மீட்டர், அழுத்தம் 90,000 பாஸ்கல் என்று போட்டுப் பாருங்கள். அரை மீட்டருக்கு 23 நிமிடம், ஒரு மீட்டருக்கு 93. ஜெல் நேரம் (ரெசின் இறுகத் தொடங்கும் நேரம்) 60 நிமிடமென்றால் சுமார் 80 சென்டிமீட்டரிலேயே கதை முடிந்தது.

ரெசின் குழாயை நடுவில் வைத்து, இரு ஓரத்திலும் உறிஞ்சுங்கள். மறுபடி 23 நிமிடம்தான். பாகுநிலையைப் பட்டறை வெப்பநிலையிலேயே அளக்கவும். ஓசூரின் மார்கழிக் காலையில் ரெசின் வெகுவாகக் கெட்டிப்படும்.

இந்தக் கணக்குக்குப் பிடிபடாதது ஓர இடைவெளி. துணிக்கும் அச்சுச் சுவருக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் விட்டாலே ரெசின் அவ்வழியே ஓடி உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். நடுவே வெள்ளையாக ஒரு உலர்ந்த திட்டு நிற்கும். துணியை ஓரம் ஒட்ட வெட்டுங்கள். ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியில் அந்த ஓரத்துக்கு மட்டும் அதிக ஊடுருவுதிறன் கொடுத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.