நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஆண்டு உளவியலில் பட்டம் முடித்தேன். மனித மூளையைக் காந்தத்தாலும் மெல்லிய மின்சாரத்தாலும் தூண்டிப் பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர அழைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. “மண்டையில கரண்ட் வைக்கிற வேலை நமக்கு எதுக்குடி” என்கிறார். கூடப் படித்தவர்களோ, அது பொத்தானை அமுக்கிப் படிவம் நிரப்பும் வேலை, மருத்துவ உளவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட உதவும், அவ்வளவுதான் என்கிறார்கள். நீங்கள் இத்துறையில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பங்கேற்பாளர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவர் உண்மையில் என்னதான் செய்கிறார்?

நிவேதா, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள நிவேதா,

உங்கள் அம்மாவின் மனத்தில் இருப்பது, பழைய படங்களில் நோயாளியைக் கட்டிலில் கட்டிவைத்து அதிர்ச்சி கொடுக்கும் காட்சியாக இருக்கலாம். அந்தச் சிகிச்சையே இன்று மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் செய்யப்படுகிறது. நீங்கள் சேரப்போகும் ஆய்வு அதுவும் அன்று. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய முறையில், தலைமேல் பிடிக்கும் கம்பிச்சுருள் ஒன்றில் மின்சாரம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவாகப் பாய்ந்து காந்தப்புலத்தை எழுப்புகிறது. அது மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பங்கேற்பாளர் முழு விழிப்போடு உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் எழுந்து எம்ஆர்டி ரயில் ஏறிப் போய்விடுவார். இன்னொரு முறையான நேர்மின்சாரத் தூண்டலில், தலைமேல் வைக்கும் ஈரப் பஞ்சின் வழியே பாய்வது பெரும்பாலும் 1 முதல் 2 மில்லி ஆம்பியர்தான். பஞ்சு வைத்த இடத்தில் அரிப்பும் குறுகுறுப்பும் இருக்கும். ஆபத்தே இல்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். காந்தத் தூண்டலில் மிக அரிதாக வலிப்பு வருவதுண்டு. உங்கள் வேலையின் பெரும்பகுதி அதைத் தடுப்பதற்காகவே இருக்கிறது.

பொத்தானை அமுக்கும் வேலை என்பவர்கள், அதை எந்த அளவில் அமுக்குவது என்று எப்படித் தெரிகிறது எனக் கேட்டிருக்க மாட்டார்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசையின் மேல் தோலைத் துடைத்து மின்முனைகளை ஒட்டிவிட்டு, தலையின் எதிர்ப்பக்கத்தில் கம்பிச்சுருளை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தித் தேடுவோம். சரியான இடம் கிடைத்ததும் ‘டக்’ என்ற ஓசையோடு சுட்டுவிரல் தானாகத் துள்ளும். “நான் அசைக்கலையே!” என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. பிறகு வலிமையைப் படிப்படியாகக் குறைத்து, பத்துத் தூண்டல்களில் ஐந்திலாவது தசை 50 மைக்ரோவோல்ட் அளவுக்குப் பதில் தரும் மிகக் குறைந்த அளவைப் பிடிக்க வேண்டும். மற்ற அளவுகளெல்லாம் பெரும்பாலும் இதன் விழுக்காடாகவே வைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற மனச்சோர்வுச் சிகிச்சையிலும் வழக்கமான அளவு இதில் 120 விழுக்காடு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பங்கேற்பாளர் பயத்தில் கையை லேசாக இறுக்கிக்கொண்டிருந்தாலே தசை எளிதில் துள்ளிவிடும், நீங்கள் குறித்துக்கொள்ளும் அளவு உண்மையைவிடக் குறைவாக அமைந்துவிடும், அன்றைய அமர்வு முழுவதும் அந்தத் தவற்றின் மேல்தான் நடக்கும். ஆகவே அந்தக் கை மடியில் தளர்ந்து கிடக்கும்படி அவரோடு பேசத் தெரிந்திருப்பது, கருவியை இயக்கத் தெரிந்திருப்பதற்கு எவ்விதத்திலும் குறைந்த திறமையன்று.

அதற்கும் முன்னால், யாரை உட்காரவைக்கக் கூடாது என்று கண்டறிய வேண்டும். தலைக்குள் உலோகம், செவிக்குள் பொருத்திய கருவி, இதயமுடுக்கி, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்துகள் என்று படிவம் கேட்கும். முந்தைய இரவுத் தூக்கத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் தூக்கமின்மை வலிப்பின் வாய்ப்பைக் கூட்டுகிறது. தேர்வு வாரத்தில் விடிய விடியப் படித்துவிட்டு, கிடைக்கும் சன்மானத்துக்காக வந்து நிற்கும் மாணவரை, அன்றைய நேரம் வீணானாலும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். சனிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றோடு வரும் அத்தையையும் அப்படியே. வலிப்பைவிட மயக்கம்தான் அடிக்கடி நேர்வது.

தமிழ் பேசுபவர் என்பதால் நம் முதியவர்களை உங்களிடம்தான் அனுப்புவார்கள். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது “வலிப்பு வந்திருக்கிறதா?” என்று கேட்டால் “அதெல்லாம் கிடையாது” என்றுதான் பதில் வரும். சிறு வயதில் வந்த வலிப்பைக் கல்யாணத்துக்காக மறைத்து, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மறைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தனியே அழைத்து, பொறுமையாக, “எப்போதாவது நினைவு தப்பி விழுந்ததுண்டா பாட்டி?” என்று கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய ஆய்வென்றால் தாலிக்கொடியைக் கழற்றும் பேச்சை அறை வாசலில் எடுக்காமல், முதல் தொலைபேசி அழைப்பிலேயே எடுங்கள். மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வர அவருக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வதும் அந்த அழைப்பில்தான்.

“நீ சொன்னா சரிதாம்மா” என்று பாட்டி கையெழுத்துப் போடுவதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன நடக்கப்போகிறது என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின்படி பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பாதியில் எழுந்தால் உங்களுக்கு மனவருத்தமாகுமே என்று நினைப்பவருக்கு அந்த உரிமை இருப்பதை உணர்த்தும் பொறுப்பு உங்களுடையது.

நண்பர்கள் சொன்னதில் உண்மையும் உண்டு. ஆய்வு நிதியை நம்பிய ஒப்பந்த வேலை இது. சனிக்கிழமை அமர்வுகள் இருக்கும், கடைசி நிமிடத்தில் வராமல் போகிறவர்கள் இருப்பார்கள், நெறிமுறைக் குழுவுக்கான தாள்களுக்கு முடிவே இராது. முடிவுகளும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே தூண்டலுக்கு ஒருவரின் தசை கூடுதலாகத் துள்ளும், இன்னொருவருடையது அடங்கிவிடும். பேராசிரியர் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த எண்ணையும் வந்தபடியே எழுதி வைக்கப் பழக வேண்டும். முதுகலை நேர்காணலில் இவற்றைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். சான்றிதழை மட்டும் நீட்டுகிறவர்கள் ஏராளம்.

சேர்வதற்கு முன் பேராசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் தனியாக அமர்வு நடத்துவதற்கு முன் என்னோடு யார், எத்தனை நாள் உடனிருப்பார்? வலிப்பு வந்தால் எந்த மருத்துவர், எவ்வளவு நேரத்தில் வருவார்? ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றினால், யாரையும் கேட்காமல் நானே அமர்வை நிறுத்தலாமா? மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் ஆம் என்றால் சேருங்கள். இழுத்தார் என்றால் வேறு ஆய்வுக்கூடம் பாருங்கள்.