நினைத்ததும் கை எழுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மனசும் மூளையும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் பின்னிக் கிடக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. மயக்க மருந்து ஏறியதும் 'நான்' காணாமல் போகிறது. ஆனால் நெருப்பும் புகையும்கூடச் சேர்ந்தேதான் இருக்கின்றன. புகைதான் நெருப்பு என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட்டை ஓர் இளவரசி மடக்கினாராமே, உண்மையா?

பதில்: உண்மை. எனக்கு மிகப் பிடித்தவர் அவர். பொஹீமியா இளவரசி எலிசபெத், 24 வயது, நாடிழந்த குடும்பம். 1643 மே மாதம் டேக்கார்ட்டுக்குக் கடிதம் போடுகிறார். மனம் இடத்தை அடைக்காது, நீள அகலம் கிடையாது என்கிறீர்கள். ஒன்றை நகர்த்தத் தொட வேண்டுமே, உருவமில்லாத மனம் கையை எப்படி எழுப்புகிறது? டேக்கார்ட் கல்லின் கனத்தை உவமை காட்டினார்: கனம் கல்லைத் தொட்டா கீழே தள்ளுகிறது? எலிசபெத் விடவில்லை. உருவமற்றது உடலை அசைக்கும் என்று ஒப்புவதைவிட, மனத்துக்கும் உருவம் உண்டு என்று ஒப்புவது எனக்குச் சுலபம் என்று ஜூனில் எழுதினார். 1649-இல் வெளியான நூலில் டேக்கார்ட் மூளை நடுவிலுள்ள பினியல் சுரப்பியைக் கைகாட்டினார். எந்த இடத்தில் என்று சொன்னாரே தவிர, எப்படி என்று சொல்லவில்லை.

கேள்வி: நம்மவர்கள் இதைப் பேசியதுண்டா சார்?

பதில்: காரசாரமாக! மணிமேகலையின் 27-ஆம் காதையில் பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனதே எல்லாம் என்பவர், வருகிறார். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் கூடினால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறார். அபாரமான உவமை. ஆனால் குடத்துக்குள் இருக்கும்வரை அது வெறும் திரவம், குடித்தவருக்குத்தான் போதை. உணர்வை விளக்க, உணர்வுள்ள ஒருவரை முன்பே கூட்டி வந்துவிட்டாரே! எதிர்ப்பக்கம், 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார்: 'என் உடல்' என்று சொல்பவர் உடலுக்கு வேறானவர்தானே? 'என் உயிர்' என்றும் சொல்கிறோமே என்பது என் தயக்கம்.

கேள்வி: ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: பல்வலியில் எந்த நரம்பு துடிக்கிறது என்று காட்டும். அந்தத் துடிப்பு ஏன் வலிக்க வேண்டும்? தத்துவஞானி டேவிட் சால்மர்ஸ் 1995-இல் 'கடினமான சிக்கல்' என்றது இதைத்தான்.

கேள்வி: இதையெல்லாம் யோசித்து என்ன பயன் அண்ணா?

பதில்: விபத்தில் அடிபட்டு, எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். நலமாக இருப்பவர்களுக்கு வருவது போலவே அவர் மூளையிலும் ஸ்கேனில் செயல்பாடு தெரிந்தது. மூளை ஆய்வாளர் ஆட்ரியன் ஓவனின் குழு இதை 2006-இல் வெளியிட்டது. அதைப் படித்தபின், அப்படிக் கிடப்பவரின் கட்டிலருகே யாராவது அவர் இல்லாததுபோலப் பேசினால், கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய்விடுகிறேன்.